கேழ்வரகு மழை

சத்துவாச்சாரி.
டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல்மாடி,
சுவர் முழுக்க முட்டை அட்டை.
ஃபேன் ஓடினால் மைக்கில் விழும் என்று
தவ்லத் பாஷா சுவிட்சை அணைத்தார்.
மே மாதம்.
பல்லவி முடிவதற்குள் மூன்று பேரும் நனைந்திருந்தோம்.

எழுதியது நான்.
பாடியது ஜெபசீலன்,
ஞாயிறுகளில் சர்ச்சில் கிடார் வாசிப்பவன்,
கல்யாணமாகி ஆறு வருஷம்.
மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை
இரண்டு சரணங்களுக்கு நடுவில் சாப்பிட்டுவிட்டு
‘அழாமலே இறங்கிப் போனவளே’ என்ற வரியை
இருபத்தேழு முறை பாடினான்.
ஒவ்வொரு முறையும் கீழே யாரோ
டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ராணிப்பேட்டைப் பட்டறையில் அறுத்து வாங்கிய
விரல்நீளக் குழாய்.
அதைச் சுண்டுவிரலில் மாட்டிக் கம்பியில் இழுத்தான்.
பாரம் ஏற்றிய லாரி மேடேறுவது போல் ஒரு சத்தம்,
கேவலும் அதே கியரில்.
“இதாண்டா கண்ட்ரி.”
“எந்த கண்ட்ரிடா?” என்றார் பாஷா.
“வடாற்காடு.”

உன் பெயரை வைக்கத்தான் பார்த்தேன், அமுதவல்லி.
தாளத்துக்குள் அடங்காமல்
பஸ் படியில் தொங்குகிற ஆள் மாதிரி
ஓர் எழுத்து வெளியே நின்றது.
பாஷா வெட்டிவிட்டுக் ‘கண்மணி’ போட்டார்.

பிறகு, “மழை வேணும்” என்றார்.
அன்றைக்கு வெயில் என்றேன்.
பள்ளிகொண்டா டோல்கேட், பகல் ஒன்றரை,
வண்டியின் சீட் தொட்டால் சுடும்.
நீ இறங்கி, முகத்துத் துப்பட்டாவை அவிழ்க்காமலே
நாலு வார்த்தை சொல்லி
கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினாய்.
“அதெல்லாம் சரி,
வெயிலை இன்னான்னுய்யா ரெக்கார்ட் பண்றது?”

அவர் வீட்டிலிருந்து அரைப்படி கேழ்வரகு வந்தது.
அலுமினியத் தட்டைச் சாய்த்துப் பிடித்தேன்.
ஜெபசீலன் மேலேயிருந்து உதிர்த்தான்.
ஹெட்போனில்
ஏலகிரி முழுக்கப் பெய்தது.
மறுநாள் அந்த மழையைக்
களி கிண்டிச் சாப்பிட்டோம்,
கருவாட்டுக் குழம்போடு.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வெளியீடு.
அட்டைப் படத்தில் ஒரு ரயில், ஒரு குடை,
முதுகு காட்டி நிற்கும் எவளோ.
ஏழு மணிக்கு நாற்பத்தொரு பேர் கேட்டிருந்தார்கள்.
அதில் பதினெட்டு நான்.

மூன்றாம் வாரம்
வாலாஜாவில் டீசல் போட நின்ற ஒரு டிரைவர்
தன் சங்கத்து ஆட்களுக்கு அனுப்பினாராம்.
அப்புறம் ஆம்பூர் ஷூ கம்பெனி வேன்களில்,
ஆரணி பஸ்ஸில்,
குடியாத்தத்தில் ஒரு காதுகுத்துப் பந்தலில்கூட.
டீக்கடையில் ஜெபசீலனின் தோளைத் தட்டி
“போனா போறா, விடு தம்பி” என்றார்கள்.
அவனிடம் காசு வாங்கவில்லை.
என் டீக்கு நான் கொடுத்தேன்.
வீட்டில் அவன் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.
“யார் அவ?”
அவன் என்னைக் காட்டினான்.
அவள் நம்பவில்லை.

நேற்று ஓசூரிலிருந்து நீ.
பன்னிரண்டு விநாடிக் குரல்.
“பாட்டு கேட்டேன்.
மழை எங்கேருந்து வந்துச்சு?
அன்னிக்கு வெள்ளரிக்கா வாங்கிக் குடுத்தியே,
அதுல மொளகாத்தூள் ஜாஸ்தி.
கண்ணெல்லாம் தண்ணி.”
பின்னால் குக்கர் விசில். அவ்வளவுதான்.

பாஷாவிடம் ஓடினேன்.
மழையை எடுத்துவிடலாமா,
அந்த ஒரு வரியை மட்டும்
மறுபடி பாடவைக்கலாமா என்று கேட்டேன்.
“ஏத்தினது ஏத்தினதுதான்.
எறக்கி ஏத்தினா எண்ணிக்கை
சைபர்லேருந்து ஆரம்பிக்கும்.
ரெண்டு லட்சம்யா.”

மாடிப்படியில் உட்கார்ந்தேன்.
கீழே ரப்பர் வேகும் வாசனை.
துப்பட்டாவுக்குள் எப்படி வெள்ளரிக்காய் தின்றாய் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் பன்னிரண்டு விநாடியைத் திரும்பப் போட்டேன்.
விசிலுக்கு முன்னால்
மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஏதோ ஒன்று.
தாளிப்பாகவும் இருக்கலாம்.